தோய்க்காத நாடா

"குழம்பு எப்படி இருக்கு?" என்று என் கொழுந்தனிடம் மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் விவரம் தெரியாமல் நான் கேட்டுத் தொலைத்தேன். ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடி யோசித்தார். "மதினி, பொடி போன மாசம் அரைச்சது. மல்லி லேசாக் கருகிருச்சு. ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றார். கடைசியில் ஒட்டவைத்த அந்த 'ஆனா' யாருக்கு வேண்டும்? என் மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மறுசோறு போடவில்லை. அவரோ தானே எழுந்து போட்டுக்கொண்டு, அதே குழம்பை ஊற்றி, வழித்து வழித்துச் சாப்பிட்டார்.

அவர் அப்படித்தான். கண்ணுக்குப் பட்டதைப் பட்டபடி சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது. கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் என் வீட்டுக்காரருக்குக் கமிஷன் கடை. கொழுந்தனுக்குப் பக்கத்திலேயே கூட்டுறவுச் சங்கத்தில் காசாளர் வேலை. காலையில் வேலைக்குப் போகிற வழியில் கடையில் நிற்பார். நின்றால் சும்மா நிற்பாரா? வியாபாரியை எதிரில் வைத்துக்கொண்டே மல்லிகையை ஒரு கை அள்ளி மோந்துவிட்டு, "அண்ணே, இது நேத்துப் பூவுல்ல? தண்ணி தெளிச்சிருக்காங்க" என்பார். "ஏலேய், நீ மொதல்ல வேலைக்குக் கெளம்புடா!" என்று இவர் கத்துவது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

சட்டைப் பையில் பேனாவோடு பேனாவாக ஒரு சின்ன டார்ச் வைத்திருப்பார். கள்ள நோட்டுப் பார்க்கிற நீல வெளிச்ச டார்ச். அது சங்கத்து வேலைக்கு. ஆனால் அதைவிட அதிகமாக அது உழைத்தது அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளுக்குத்தான்.

பட்டாளத்துக்காரர்கள் நெஞ்சில் பதக்கம் தொங்கும் இல்லையா, அதைத் தாங்கிப் பிடிக்கக் கோடு கோடாக ஒரு துண்டு நாடா இருக்குமே, அவர் சேர்த்தது அந்த நாடாவை. பதக்கத்தைச் சும்மா கொடுத்தால்கூட வேண்டாம் என்பார். "பதக்கத்த அச்சுல போட்டு ஆயிரக்கணக்குல அடிச்சுத் தள்ளுனான் மதினி. அதுல என்ன இருக்கு? வேர்வ எறங்குனது நாடாவுலதான்" என்பார். ஜவுளிக்கடைச் சட்டைப் பெட்டிகளில் மெல்லிசுத் தாள் விரித்து, ஒவ்வொரு நாடாவையும் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் படுக்க வைப்பார். நடுவில் அகலமாகச் சிவப்பு, இரண்டு பக்கமும் கருநீலம், அந்தக் கருநீலத்துக்குள் ஒரு ஆரஞ்சுக் கோடு என்றால் பர்மாச் சண்டைக்குப் போனவர்களுக்குக் கொடுத்தது. "அந்த ஆரஞ்சு எதுக்குங்கிறீங்க? அந்த ஊரு வெயிலு" என்று ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு அந்த நாடாவைப் பார்த்தால் எனக்கும் கண் கூசுவதுபோல் இருக்கும்.

அவர் பட்டாளத்துக்குப் போனவர் இல்லை. வயசுக் காலத்தில் திருச்சியில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனாராம். "நேரா நிக்கச் சொன்னாங்க, நின்னேன். முட்டி ரெண்டும் ஒட்டிக்கிச்சு. போயிட்டு வான்னுட்டாங்க" என்று ஒரே ஒருமுறை சொன்னார், கீரைக்கட்டு விலை சொல்வதுபோல.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் ஏறிவிடுவார். எங்கள் ஜில்லாவில் பட்டாளத்து வீடு இல்லாத ஊர் உண்டா? ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய், தண்ணீர் கேட்டு, சுவரில் தொங்கும் படத்தை விசாரித்து, கடைசியில்தான் நாடாவுக்கு வருவார். கையில் வாங்கியதும் முதலில் மோந்து பார்ப்பார். ஓரத்து நெசவை நகத்தால் நெருடுவார். அப்புறம் இருட்டு மூலையாகப் பார்த்துப் போய் டார்ச்சை அடிப்பார். பழைய பருத்தி அந்த வெளிச்சத்தில் கருத்துப்போய்க் கிடக்கும். பின்னாளில் வந்த நைலான் வகையறா வெளேரென்று நீலமாய் மின்னும். மின்னினால் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "இது அந்தக் காலத்தது இல்லீங்க." அந்த வீட்டு ஆட்கள் முகம் எப்படிப் போனாலும் அவருக்குக் கவலையில்லை.

இந்த வாயால்தான் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆலங்குடிப் பக்கம் பெண் பார்க்கப் போனோம். பெண் தங்கமான பெண். பஜ்ஜி வந்தது, காபி வந்தது, இவரைக் காணோம். பார்த்தால், கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த பெண்ணுடைய தாத்தாவின் பதக்கத்துக்கு முன்னால் நிற்கிறார்.

"பதக்கம் ஆப்பிரிக்காச் சண்டைக்கு உள்ளது. நாடா இங்கன உள்நாட்டுல இருந்தவங்களுக்குக் குடுத்தது. மாறிக் கெடக்கு" என்றார்.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப எங்க அப்பா ஆப்பிரிக்கா போகலங்கிறீங்களா?"

"அவரு போயிருக்கலாங்க. நாடா போகல."

அவ்வளவுதான், சம்பந்தம் பஜ்ஜியோடு முடிந்தது. கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் களுக்கென்று சிரித்தது எனக்குக் கேட்டது. இவருக்குச் சரியான ஜோடி அவள்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். திரும்பும்போது பஸ்ஸில், "நான் என்ன மதினி தப்பாச் சொன்னேன்?" என்று கேட்டார், நிஜமாகவே தெரியாமல். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சிரிக்க முடியாமல் போனது ஒரு தடவைதான். அது எங்கள் அம்மா வீட்டுத் தெருவில் நடந்தது.

என் பிறந்த ஊர் அன்னவாசலுக்கு மேற்கே. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருந்தார், எழுபது வயதிருக்கும். அவர் வயிற்றில் இருக்கும்போதே அவருடைய அப்பா பர்மாச் சண்டைக்குப் போய்விட்டார்; திரும்பவே இல்லை. சண்டை முடிந்து வெகுநாள் கழித்துத் தபால்காரர் ஒரு பதக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தாராம். பஞ்சத்துக்குப் பதக்கம் பாத்திரக்காரனிடம் போய்விட்டது. மிஞ்சியது நாடா மட்டும். ஆனால் ஊர் வாய் என்ன சொன்னது? "அவன் எங்கிட்டுச் சண்டைக்குப் போனான்? பினாங்குல இன்னொருத்தியோட குடும்பம் நடத்துறான்" என்றது. பெரியம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அதைக் கேட்டு வளர்ந்தவர். யார் அப்படிப் பேசினாலும் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து நாடாவைக் கொண்டுவந்து காட்டுவாராம். அவருக்கு அப்பா என்றால் அந்த நாடாதான்.

கொழுந்தனை அங்கே கூட்டிப் போனேன். பெரியம்மா மஞ்சள் துணியில் முடிந்துவைத்ததை அவிழ்த்துக் கொடுத்தார். "அப்பா மூஞ்சிய நான் பாத்ததில்ல தம்பி. நான் வயித்துல இருக்கையில போனவுக" என்றார். பெரியம்மாவின் மருமகள் எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் குடத்தோடு நின்றுவிட்டாள்.

இவர் உள்ளறைக்குப் போய் டார்ச்சை அடித்தார். நாடா நீலமாய் மின்னியது. எனக்கே தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் கையில் நறுக்கென்று கிள்ளினேன். கிள்ளி என்ன பிரயோசனம்?

"ஆத்தா, இது அந்தச் சண்டக் காலத்து நாடா இல்ல. பின்னாடி நெய்ஞ்சது."

பெரியம்மா அழவில்லை. நாடாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப எங்க ஆத்தா இத எங்கிட்டுருந்துப்பா எடுத்தா?" என்றார்.

"அது எனக்குத் தெரியாதுத்தா."

குடத்தோடு நின்றவள் கனைத்துக்கொண்டே போனாள். அன்று மாலைக்குள் தெரு முழுக்கப் பினாங்குக் கதைக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. அந்த வருஷம் தை அமாவாசைக்குப் பெரியம்மா தன் அப்பாவுக்குப் படைக்கவில்லை என்று என் அம்மா போனில் சொன்னார். "இல்லாத ஆளுக்கு என்ன எலை போடுறது" என்று பெரியம்மா சொன்னாராம். சரியாகச் சாப்பிடுவதும் இல்லையாம்.

அதிலிருந்து எனக்கு அவர்மேல் கோபம். கொழுந்தனுக்குத் தட்டை வைப்பேன், பேச மாட்டேன். பொறுத்துப் பார்த்து ஒருநாள் கேட்டார்: "நான் பொய் சொல்லியிருக்கணும்ங்கிறீங்களா மதினி?"

"பொய் சொல்ல வேணாம் தம்பி. வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல!"

அவர் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

மாசி அமாவாசைக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள் என்று ஞாபகம். விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. நான் கொடியில் இருந்து எடுத்துவந்த துணியைப் பாயில் குவித்து மடித்துக்கொண்டிருந்தேன். கொழுந்தன் தீப்பெட்டி தேடுவதற்கு அந்த நீல டார்ச்சை அடித்தார். துணிக்குவியல் முழுக்க நிலா விழுந்த மாதிரி மின்னியது. இவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மதினி, அந்தக் கந்தல் அப்பா வேட்டியில்ல?"

"ஆமா, ஒங்க அப்பா கட்டுனதுதான். கிழிச்சுக் கைத்துணியாப் போட்டிருக்கேன்."

"கைத்தறிப் பருத்தியாச்சே. இது எப்பிடி மின்னுது? எதுல தோய்க்கிறீங்க?"

"எதுலயா? சோப்புப் பொடியிலதான். வேற பன்னீருலயா தோய்ப்பாக?"

பீரோவைத் திறந்தார். மாமனார் போன பிறகு எடுத்துவைத்த அவருடைய இன்னொரு வேட்டி அடியில் இருந்தது. சோப்புப் பொடியையே பார்க்காதது. அதில் அடித்தார். கருத்துக் கிடந்தது. கைத்துணியில் அடித்தார். மின்னியது. மறுபடி அது, மறுபடி இது. அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மதினி, அந்த ஆத்தா நாடாவத் தோய்ப்பாகளா?"

எனக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. "தோய்க்காம? வருசா வருசம் தை அமாவாசைக்குத் தோய்ப்பாக தம்பி. படையல்ல வைக்கிற துணி புதுசா இருக்கணும், இல்லாட்டி தோச்சதா இருக்கணும். வருசத்துக்கு ஒரு வேட்டி எடுக்க அந்த வீட்டுல என்ன இருந்துச்சு? அப்பா துணின்னு இருந்தது அது ஒண்ணுதானே. அதத் தோச்சு எலைக்கு முன்னாடி வைப்பாக."

இது அவருக்குத் தெரியாத வழக்கமா? எங்கள் வீட்டிலும் அதேதானே. அவர் அதை நாடாவாகப் பார்த்தார். அந்த வீட்டில் அது வேட்டி.

"போச்சு மதினி. சோப்புப் பொடி மின்னுனதுக்கு அந்த ஆத்தாவோட அப்பாவ இல்லேன்னுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

விடிந்ததும் முதல் பஸ். நானும் போனேன். அவர் மடியில் ஒரு சட்டைப் பெட்டி. அதற்குள் அவருடைய சேகரிப்பிலேயே அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த பர்மா நாடா இருந்தது. கட்டுமாவடியில் ஒரு பெரியவர், சண்டைக்குப் போய்த் திரும்பியவர், தன் டப்பாவில் இருந்து தானே எடுத்துக் கொடுத்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் படாதது. மற்ற நாடாக்களை எல்லாம் இதன் பக்கத்தில் வைத்துத்தான் காலம் பார்ப்பார். "ஈரக்கையோட இதத் தொட்டுறாதீங்க மதினி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிடுவார்.

பெரியம்மா வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க" என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. இவர் உட்காரக்கூட இல்லை.

"ஆத்தா, நான் தப்பாச் சொல்லிட்டேன். மின்னுனது நாடா இல்ல. நீங்க தோச்ச சோப்புப் பொடி."

பெரியம்மா கேட்டது அவரிடம், பார்த்தது என்னை. "நெசமாச் சொல்றியா தம்பி? இல்ல, கிழவி நொந்து கெடக்கான்னு யாரும் சொல்லிக் கூட்டியாந்தாகளா?"

"பெரியம்மா, இந்த மனுசன் என் கொழம்பு நல்லாருக்குன்னுகூட ஒரு பொய் சொன்னதில்ல. ஒங்களுக்கா சொல்லப் போறாரு?" என்றேன்.

பெரியம்மா எழுந்து போய் நாடாவைக் கொண்டுவந்தார். ஓரத்தில் ஒரு இழை உருவி எரித்துப் பார்க்க வேண்டும் என்று இவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நானே உருவுறேன்" என்று பெரியம்மா உருவினார். சாமி விளக்கில் காட்டினார். நைலான் என்றால் உருகிச் சுருண்டு உருண்டையாகிவிடும். இது காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகி விரலில் உதிர்ந்தது. இவர் பெட்டியைத் திறந்து இரண்டு நாடாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று பளிச்சென்று, ஒன்று வெளிறிப்போய். ஆனால் அதே அகலம், அதே ஓரம், அதே நெசவு. எனக்கே தெரிந்தது.

"அந்தக் காலத்ததுதான் ஆத்தா. சந்தேகமே இல்ல" என்றார். அதோடு விடவில்லை. தெருவில் இறங்கி நின்று, குடத்துக்காரி வீட்டைப் பார்த்து, "அன்னைக்கு நான் சொன்னது தப்பு! நாடா சண்டக் காலத்து நாடாதான்! எனக்குத்தான் பாக்கத் தெரியல!" என்று கத்தினார். சங்கத்தில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற அதே குரல். நாலு வீட்டுக் கதவு திறந்தது. பெரியம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் மெல்லக் கேட்டார்: "அப்ப இது எங்க அப்பாவோடதுதான் தம்பி?"

சாமி, ஆமா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"அது எனக்குத் தெரியாதுத்தா. பர்மாச் சண்டைக்குப் போனவுகளுக்குக் குடுத்தது. யாரு பேருக்கு வந்துச்சுன்னு துணி சொல்லாது."

படுபாவி! அந்த இடத்திலேயே அவரை இழுத்துப்போட்டு மொத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் பெரியம்மா சிரித்தார். பொக்கை வாய் தெரியச் சிரித்தார்.

"அதச் சொல்றதுக்கு நீ எதுக்குப்பா? அது எனக்குத் தெரியும். எங்க ஆத்தா சொன்னா. நீ துணியப் பத்திச் சொன்னியே, அது போதும்."

மறுநாள் அமாவாசை. தையில் விட்டதை மாசியில் படைத்துவிடுகிறேன் என்றார். நாடாவை எடுத்து இவர் கையிலேயே கொடுத்தார். "நீதான் அப்பாவக் கோவிச்சுக்கிட்டுப் போக வச்ச. நீயே தோச்சுக் குடு."

இவர் நாடாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தோய்க்கத் தோய்க்கச் சாயம் போயிருமே ஆத்தா."

"போகட்டும். அழுக்குத் துணியவா எங்க அப்பாவுக்குக் குடுக்கச் சொல்ற?"

குழாயடியில் குந்தினார் என் கொழுந்தன். ஈரக்கை பட்டாலே பதறுகிற மனுஷன், சட்டியில் சோப்புப் பொடியைக் கரைத்து, நாடாவை முக்கி, விரல் நுனியால் தேய்த்து, பிழியாமல் உள்ளங்கையில் வைத்து ஒற்றி எடுத்தார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. சோப்பு நுரை பட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு திருந்திவிட்டார் என்று சொன்னால் அது பொய். குழம்புப் பொடியைக் கண்டுபிடிப்பதை அவர் விடவில்லை. நேத்துப் பூவும் அவருக்குத் தப்பவில்லை. ஆனால் எந்த வீட்டுக்கு நாடா பார்க்கப் போனாலும், டார்ச்சை எடுப்பதற்கு முன்னால், "இத எப்பயாச்சும் தோச்சிருக்கீங்களா? எதுக்காகத் தோச்சீங்க?" என்று கேட்பார். கேட்டால் அவர்கள் சும்மா விடுவார்களா? அழுது, சிரித்து, காபி போட்டு, சோறு போட்டுத்தான் அனுப்புவார்கள். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு வந்து நிற்பார்.

போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் இருந்தவரைக்கும் சள்ளை என்றுதான் நினைத்தேன். இப்போது வீட்டில் எல்லாரும் என் குழம்பை 'நல்லாருக்கு' என்கிறார்கள். என் மகன் கட்டி வந்த மருமகளும் நல்லாருக்கு என்கிறாள், வந்து போகிறவர்களும் நல்லாருக்கு என்கிறார்கள். எனக்கு ஒன்றும் மனசில் இறங்கவில்லை. கருகிய மல்லியைக் கண்டுபிடிக்கிற ஒரு வாய் இந்த வீட்டில் இல்லையே என்று ஏக்கமாக இருக்கிறது. பல நாள் அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன்.

இந்தத் தை அமாவாசைக்கு அவருக்கு முதல் படையல். என் வீட்டுக்காரர் புது வேட்டி எடுத்துவந்து வைத்தார். பேண்ட்டைத் தவிர வேறு போடாத மனுஷனுக்கு வேட்டியை வைத்தால் யாருக்கோ படைக்கிற மாதிரி இருந்தது. நான் போய்ச் சட்டைப் பெட்டியைத் திறந்தேன். கட்டுமாவடிப் பெரியவர் கொடுத்த அந்த நாடாவை எடுத்தேன்.

"ஏய், அதத் தண்ணி படவிடக் கூடாதும்பானே!" என்று என் வீட்டுக்காரர் பதறினார்.

"தம்பிக்குத் துணின்னு இருக்கது இதுதான்" என்றேன்.

சோப்புப் பொடியில் முக்கி, விரல் நுனியால் தேய்த்து, பிழியாமல் ஒற்றி, நிழலில் உலர்த்தினேன். இலைக்கு முன்னால் வேட்டியின் மேல் வைத்தேன். அவருடைய டார்ச்சை அடித்துப் பார்த்தேன். அத்தனை வருஷம் கருத்துக் கிடந்த நாடா நீலமாய் மின்னியது. இனிமேல் எவன் வந்து பார்த்தாலும் 'இது அந்தக் காலத்தது இல்லை' என்பான். சொல்லிவிட்டுப் போகட்டும். அது எனக்குத் தெரியும்.

இலையில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினேன். எல்லாரும் விழுந்து கும்பிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்கள். நான் மட்டும் நின்றேன். "குழம்பு எப்படி இருக்கு தம்பி?" என்று வாய்விட்டே கேட்டேன்.